பேஸ் கார், சேஃப்டி கார்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

வெண்ணாறு (தஞ்சாவூர்):

பந்தயத்தின் நடுவே விபத்து நேர்ந்தால் முன்னால் போய் எல்லாக் கார்களையும் மெதுவாக்கிக் கூட்டிக்கொண்டு போகும் வண்டி சேஃப்டி கார். பந்தயத்தைத் தொடங்கிவைக்க முன்னால் போகும் வண்டி பேஸ் கார். நானே தொடங்குகிறேன். 2011 அக்டோபர் 30, கிரேட்டர் நொய்டா புத் சர்க்யூட். இந்தியாவில் நடந்த முதல் ஃபார்முலா ஒன் (எஃப்1) பந்தயம். அப்போது எனக்கு டெல்லியில் வேலை. திருவையாற்று நண்பனும் நானும் மூன்று மாதம் பணம் சேர்த்து டிக்கெட் வாங்கினோம். அவன் வந்தது இந்திய ஓட்டுநர் நரேன் கார்த்திகேயனுக்காக. நான் போனது அந்த வெள்ளி நிற சேஃப்டி காருக்காக, மெர்சிடிஸ் எஸ்எல்எஸ் ஏஎம்ஜி.

பந்தயத்துக்கு முன்னால் அது தடத்தில் ஒரு சுற்று வந்தது. கதவு மேல்நோக்கித் திறக்கும் வண்டி. 6.2 லிட்டர் வி8 இன்ஜின், 571 குதிரைத்திறன். எஃப்1 கார்களின் சத்தம் நாகஸ்வரம் உச்சத்துக்குப் போய் இறங்காமல் நிற்பது மாதிரி இருக்கும். இது தவிலின் தொப்பிப் பக்கம். எங்கள் ஸ்டாண்டைத் தாண்டியபோது உட்கார்ந்திருந்த பலகை அதிர்ந்தது.

ஓட்டியவர் பெர்ண்ட் மைலேண்டர். 2000-லிருந்து எஃப்1 சேஃப்டி கார் அவர் கையில்தான். "இவ்வளவு நன்றாக ஓட்டுகிறவரை ஏன் மெதுவாகப் போக வைக்கிறார்கள்?" என்று நண்பன் கேட்டான். மெதுவாகவா? அவர் அந்த வண்டியால் முடிந்த மட்டும் விரட்டிக்கொண்டு போவார், அதுவும் பின்னால் வருகிறவர்களுக்குப் போதாது. அவர்கள் இடமும் வலமுமாக வளைந்து வளைந்து வருவது டயர் சூடு ஆறிவிடக் கூடாது என்றுதான். சூடு குறைந்தால் டயரில் காற்றழுத்தம் குறையும், வண்டி தரையோடு தாழும், பிடிப்பு போய்விடும். 1994-ல் இத்தாலியின் இமோலாவில் நடந்த எஃப்1 பந்தயத்தில் ஓபெல் வெக்ட்ரா என்ற சாதாரண செடான் காரைத்தான் முன்னால் விட்டார்கள். அதன் வேகம் போதாமல் சாம்பியன் ஓட்டுநர் ஐர்டன் சென்னா பக்கத்தில் வந்து வேகமாகப் போகும்படி சைகை காட்டினார். பந்தயம் மறுபடி தொடங்கி இரண்டாவது சுற்றில் அவர் கார் சுவரில் மோதியது, அவர் இறந்துபோனார். டயர் அழுத்தம்தான் காரணமா என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது. என் வரையில், முன்னால் போகும் வண்டி வேகமாக இருக்க வேண்டும் என்பதற்கு அந்த ஒரு நாள் போதும்.

நொய்டா பந்தயத்துக்கு முந்தைய இரண்டு வாரங்களில் கார் பந்தய வீரர் டான் வெல்டன், பைக் பந்தய வீரர் மார்கோ சிமோன்செல்லி இருவரும் பந்தய விபத்துகளில் இறந்திருந்தார்கள். தொடங்குமுன் ஒரு நிமிட மௌனம். அவ்வளவு கூட்டத்தில் அந்த அமைதியை நான் மறக்கவில்லை. அப்புறம் 60 சுற்றும் சேஃப்டி கார் வெளியே வரத் தேவைப்படவில்லை. வெட்டல் ஜெயித்தார், நரேன் 17-வது. அவ்வளவு தூரம் போயும் அதைப் பந்தயத்தில் பார்க்கவில்லையே என்று நண்பன் வருத்தப்பட்டான். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அரசலாறு (கும்பகோணம்):

அண்ணே, நான் பார்த்தது பேஸ் கார். 2019 மே மாதம் அண்ணன் வீட்டுக்கு அமெரிக்கா போனபோது இண்டியானாபொலிஸ் 500 என்ற 500 மைல் கார் பந்தயம் பார்த்தேன். அங்கே பந்தயமே அதன் பின்னால்தான் தொடங்கும். வரிசைக்கு மூன்றாக 33 கார்கள், முன்னால் செவர்லே கார்வெட் கிராண்ட் ஸ்போர்ட், ஓட்டியவர் பந்தய வீரர் டேல் ஏர்ன்ஹார்ட் ஜூனியர். வேகம் ஏற ஏற வரிசை குலையாமல் வரும். கார்வெட் சட்டென்று ஒதுங்கி, டயர் மாற்ற வண்டிகள் ஒதுங்கும் பக்கப் பாதையான பிட் லேனுக்குள் போகும், பச்சைக் கொடி அசையும், அவ்வளவுதான். 1911-ல் நடந்த முதல் பந்தயத்திலிருந்தே இந்த வழக்கம் உண்டு. இத்தனை கார்களை நின்ற நிலையிலிருந்து ஒன்றாகக் கிளப்பினால் ஆபத்து என்று யோசித்துச் செய்தது.

இதை ஏதோ கௌரவத்துக்கு ஓட்டுவது என்று நினைத்துவிடக் கூடாது. 1971-ல் அதே இடத்தில் டாட்ஜ் சேலஞ்சர் பேஸ் கார் பிட் லேனில் நிற்க முடியாமல் புகைப்படக்காரர்கள் நின்ற மேடையில் மோதி, பலருக்குக் காயம்.

பாமணியாறு (மன்னார்குடி):

நான் ஓட்டியது கார் இல்லை, பைக். ஆனாலும் இங்கே எழுதலாம் என்று தோன்றுகிறது.

2014-ல் தடை வருவதற்கு முன்னால் பேராவூரணிப் பக்கம் நடந்த மாட்டுவண்டிப் பந்தயம், நடு மாடு என்ற பிரிவு. ரோட்டில் எதிரே வருகிற பஸ், ஆடு, சைக்கிள் எல்லாவற்றையும் ஒதுக்கிக்கொண்டு முன்னால் போக வேண்டியது என் பொறுப்பு. ரொம்ப முன்னால் போய்விட்டால் நமக்கும் மாட்டுக்கும் நடுவே யாராவது குறுக்கே வந்துவிடுவார்கள். நெருங்கி ஓட்டினால் பைக் சத்தத்தில் மாடு மிரளும். கண்ணாடியில் கொம்பு தெரிய வேண்டும், மூச்சு கேட்கக் கூடாது. பெரியவர் ஒருவர் எனக்குச் சொன்ன கணக்கு இது.

ஒரு வளைவில் பாதி ரோட்டுக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள். காய்ந்த நெல்லில் குளம்பு பட்டால் வழுக்கும், அந்த வேகத்தில் விழுந்தால் மாட்டுக்குக் கால் போய்விடும். பைக்கை ஓரமாகச் சாய்த்துவிட்டு ஓடினேன். அங்கிருந்த இரண்டு அக்காக்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, பலகையை எடுத்துத் தள்ள ஆரம்பித்துவிட்டார்கள். நான் கையாலேயே வாரினேன். துண்டை உயர்த்திக் காட்டிய நேரத்தில் முதல் வண்டி வளைவுக்கு வந்துவிட்டது. எல்லா ஜோடியும் நல்லபடியாகக் கடந்தன.

பந்தயம் முடிந்ததும் திரும்பிப் போய், மண்ணில் சிதறிய நெல்லை அந்த அக்காக்களோடு உட்கார்ந்து கூட்டி அள்ளிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். இருட்டிவிட்டது.