ஸ்பெயினில் விடுமுறை வீடு வாங்குவது பற்றி அனுபவமுள்ளவர்களிடம் ஒரு கேள்வி

குரொய்டன்வாசி

அனைவருக்கும் வணக்கம். நானும் மனைவியும் 31 ஆண்டுகளாக இலண்டனில் வாழ்கிறோம். பிள்ளைகள் இருவரும் வேலைக்குப் போய்விட்டார்கள். நான் ஓய்வுபெற இன்னும் இரண்டு ஆண்டுகளே இருக்கின்றன. ஐந்து ஆண்டுகளாக ஒவ்வொரு மார்ச் மாதமும் ஸ்பெயினின் அலிக்காந்தே மாகாணத்துக்குப் போய் ஒரு கிழமை தங்கி வருகிறோம். இலண்டனில் முழங்கால் வலியோடு படி இறங்கும் மனைவி, அங்கே மாலையில் கடற்கரை நெடுக ஒரு மணி நேரம் என்னோடு நடக்கிறார். அதைப் பார்த்த பிறகுதான், சேமிப்பைக் கொண்டு கடன் இல்லாமல் இரண்டு அறைத் தொடர்மாடி வீடு ஒன்றை அங்கே வாங்கினால் என்ன என்ற எண்ணம் வந்தது.

எங்கள் இருவரிடமும் பிரித்தானியக் கடவுச்சீட்டே இருக்கிறது. ஆண்டில் எத்தனை நாள் தங்கலாம், வீட்டு விலைக்கு மேல் என்னென்ன செலவுகள் வரும், நாங்கள் இல்லாத மாதங்களில் வாடகைக்கு விடலாமா என்பவை என் கேள்விகள். மனைவியின் கேள்வி வேறு: மொழி அரைகுறையாகத் தெரிந்த நாம் அந்த மக்களோடு உண்மையிலேயே கலந்து வாழ முடியுமா, அல்லது வெயிலை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் இருப்போமா?

கடலோரம்

வணக்கம் அண்ணா. 2017-இல் நாங்கள் அதே அலிக்காந்தே மாகாணத்தின் அல்தேயா என்ற கடலோர ஊரில், பழைய ஊர்ப்பகுதியில் சிறிய வீடு ஒன்றை வாங்கினோம். அக்காவின் கேள்விதான் முதன்மையானது என்று நினைப்பதால் அதற்கே முதலில் வருகிறேன்.

அந்த ஊரின் நேரத்துக்கு நீங்கள் மாறினால் கலந்து வாழ முடியும். கிரீன்விச் நெடுங்கோடு அல்தேயாவுக்கு மிக அருகில்தான் செல்கிறது, அதாவது சூரியனைப் பொறுத்தவரை அவ்வூரும் இலண்டனும் ஒரே கோட்டில் இருக்கின்றன. ஆனால் 1940-இல் சர்வாதிகாரி பிராங்கோவின் அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைத்தது. அது பின்னர் திருத்தப்படவே இல்லை. அதனால் கோடையில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் இரண்டு மணி காட்டும். அவர்கள் இரண்டு மணிக்கு மதிய உணவு உண்பதையும் இரவு ஒன்பதரைக்கு மேல் இரவு உணவுக்கு உட்காருவதையும் சோம்பல் என்று சொல்பவர்கள் இதை அறியாதவர்கள். முதல் ஆண்டு நாங்கள் பன்னிரண்டரைக்கே சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குக் கடைத்தெருவுக்குப் போவோம். எல்லாக் கதவுகளும் அடைத்திருக்கும், தெருவில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். ஊரே வெளியே வரும் இரவு ஒன்பது மணிக்கு நாங்கள் பாத்திரம் கழுவி முடித்திருப்போம். அப்படியே ஓராண்டு யாரையும் அறியாமல் போயிற்று.

இரண்டாம் கோடையில் நேரத்தை மாற்றிக்கொண்டோம். பகலில் பெர்சியானா என்று அவர்கள் சொல்லும் சுருள்தட்டிகளை முழுவதும் இறக்கிவிட்டு, இருட்டில் குளிர்ந்து கிடக்கும் ஓட்டுத் தரையில் படுத்துவிடுவோம். மாலை ஏழு மணிக்குத் தட்டியைத் தூக்கும்போதுதான் அங்கே இரண்டாவது பொழுது விடிகிறது. இரவு பத்து மணிக்கு எங்கள் தெருவில் ஒவ்வொரு வாசலிலும் கோரை பின்னிய நாற்காலிகள் வந்துவிடும். எதிர்வீட்டு மூதாட்டிக்கு அப்போது 80 வயது. நாங்கள் நின்றுகொண்டே பேசுவதைப் பார்த்தவர், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் இரண்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டு, மடியில் இருந்த பாதாம் கூடையை எங்கள் பக்கம் நகர்த்தி, உடைக்கச் சிறு சுத்தியல் ஒன்றையும் என் கையில் கொடுத்தார். அன்றிரவு எனக்குத் தெரிந்த ஸ்பானியச் சொற்கள் நாற்பதுகூட இருக்காது. அவர்கள் வீட்டில் பேசுவதோ அப்பகுதியின் சொந்த மொழியான வலென்சியன். இருந்தும் நடுநிசி வரை பேசினோம். நம் ஊர்த் திண்ணைக்குப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காதிஸ் மாகாணத்தின் அல்கார் என்ற சிற்றூர் இந்த வாசல் பேச்சை யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று 2021-இல் முயற்சி தொடங்கியது. எனக்கு அதில் வியப்பே இல்லை.

நாட்கணக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2021 தொடக்கம் பிரித்தானியக் கடவுச்சீட்டுக்கு, தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து, எந்த 180 நாளிலும் 90 நாள்தான். ஜனவரி முதலாம் தேதி போய் மார்ச் 31 வரை தொடர்ந்து தங்கினால், அடுத்து ஜூன் 30-ஆம் தேதிதான் காலடி வைக்கலாம். போகும் நாளும் திரும்பும் நாளும் கணக்கில் சேரும். நம்மவர்கள் மறந்துவிடுவது இன்னொன்று: பாரிசில் ஒரு கல்யாணம், ஜெர்மனியில் ஒரு பூப்புனித நீராட்டு விழா என்று நீங்கள் செலவழிக்கும் நாட்களும் அதே 90-இல்தான் கழியும். 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் கைரேகையும் முகப்படமும் எடுத்து நாட்களைக் கணினியே எண்ணத் தொடங்கியிருப்பதால், முத்திரை தெளிவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது.

குளிர்காலத்தையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஜனவரி இரவில் அந்த ஓட்டுத் தரை காலைச் சுடுவதுபோல் குளிரும். பல பழைய வீடுகளில் சூடேற்றும் வசதியே இருக்காது. அக்காவின் முழங்காலுக்கு இது முக்கியம்.

தெற்குவாசல்

ஐயா, நான் திருநெல்வேலிக்காரன், லெஸ்டரில் வசிக்கிறேன், அலிக்காந்தே மாகாணத்தின் தொர்ரெவியேகாவில் எனக்கு ஒரு வீடு இருக்கிறது. பணத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

முதலில் வெளிநாட்டவருக்கான அடையாள எண் வாங்க வேண்டும். அது இல்லாமல் வீடு வாங்க முடியாது. நம் ஊரில் வில்லங்கச் சான்று பார்ப்பது போல அங்கே சொத்துப் பதிவகத்தில் நோட்டா சிம்ப்ளே என்ற தாளை எடுத்து, உரிமையாளர் யார், அடமானம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்பணமாகப் பொதுவாக 10 விழுக்காடு கொடுப்பார்கள். அதற்கான ஒப்பந்தத்தை அர்ராஸ் என்பார்கள்: வழக்கமான முறையில் எழுதப்பட்டிருந்தால், நாம் பின்வாங்கினால் அந்தப் பணம் போய்விடும், விற்பவர் பின்வாங்கினால் இருமடங்காகத் தர வேண்டும். நான் வாங்கியபோது பழைய வீட்டுக்கான கைமாற்று வரி, அலிக்காந்தே அடங்கிய வலென்சியா மாநிலத்தில் 10 விழுக்காடு. தெற்கே உள்ள அந்தலூசியா மாநிலத்தில் 2021 முதல் 7 விழுக்காடு. வரி, நோட்டரி, பதிவு, வழக்கறிஞர் எல்லாம் சேர்ந்து எனக்கு வீட்டு விலையில் ஏறத்தாழ 13 விழுக்காடு ஆயிற்று.

வாங்கிய பிறகு நகராட்சி வரியும் குடியிருப்போர் சங்கக் கட்டணமும் ஆண்டுதோறும் உண்டு. இவற்றோடு, வீட்டை வாடகைக்கு விடாமல் பூட்டி வைத்திருந்தாலும் அங்கே வசிக்காதவருக்கு ஒரு வருமான வரி இருக்கிறது. அரசு குறித்திருக்கும் மதிப்பு 60,000 யூரோ என்றால், அதில் 1.1 விழுக்காடான 660 யூரோவை நம் வருமானமாகக் கருதி, அதற்கு ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவரிடம் 24 விழுக்காடு, அதாவது 158 யூரோ 40 சென்ட் வாங்குவார்கள். அந்த மதிப்பு நெடுங்காலம் திருத்தப்படாத ஊர்களில் 1.1-க்குப் பதில் 2 விழுக்காடு. தொகை சிறியதுதான், ஆனால் யாரும் நினைவூட்ட மாட்டார்கள். நாமே படிவம் போட வேண்டும்.

எனக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். கட்டடச் சங்கத்துக்குப் பழைய உரிமையாளர் வைத்த பாக்கி, நடப்பு ஆண்டுக்கும் அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கும் உரியது, வீட்டோடு சேர்ந்து நம் தலையில் விழும் என்பது அங்குள்ள சட்டம். பாக்கி இல்லை என்ற சான்றை விற்பவர் நோட்டரி முன் கொடுக்க வேண்டும். ஆனால் வாங்குபவர் விரும்பினால் அது வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கலாம். என் வழக்கறிஞர் அவசரப்படுத்தினார், அப்படி ஒரு வரி பத்திரத்தில் இருப்பதே தெரியாமல் கையெழுத்திட்டேன். மின்தூக்கிச் செலவில் பழையவர் கட்டாத பங்கோடு இரண்டாண்டுக் கட்டணமும் நான் கட்டினேன். விற்பவரின் முகவர் காட்டிய வழக்கறிஞரை வைத்துக்கொள்ளாதீர்கள். பத்திரத்தின் ஒவ்வொரு வரியையும் மொழிபெயர்த்துக் கேளுங்கள்.

வாடகை வருமானத்தைக் கணக்கில் வைத்து வாங்க வேண்டாம். 2025 ஏப்ரல் 3 முதல், ஒரு கட்டடத்தில் புதிதாகச் சுற்றுலா வாடகைக்கு விடுவதற்குச் சங்கத்தில் ஐந்தில் மூன்று பங்கினரின் ஒப்புதல் வேண்டும்.

துரியாக்கரை

நான் வலென்சியா நகரில் வேலை செய்கிறேன். எட்டு ஆண்டுகளாக வாடகை வீடு. இருவர் சொன்னதும் சரிதான். இங்குள்ளவர்கள் பக்கத்திலிருந்தும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

என்னோடு வேலை செய்யும் இளைஞர்கள் பலர் முப்பது வயதுக்கு மேலும் பெற்றோர் வீட்டிலேயே இருக்கிறார்கள், ஏனென்றால் வாடகை கட்டி மாளாது. 2024-இல் கனரித் தீவுகளிலும் மயோர்க்காவிலும் பார்சிலோனாவிலும் மலகாவிலும் மக்கள் தெருவில் இறங்கியதன் காரணம் இதுதான். ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் வாங்கும் வீட்டுக்கு 100 விழுக்காடு வரை வரி விதிக்கலாம் என்று 2025 ஜனவரியில் பிரதமர் பெத்ரோ சான்செஸ் முன்மொழிந்தார். வாங்குமுன் அதன் நிலையை வழக்கறிஞரிடம் கேளுங்கள். ஆண்டில் பத்து மாதம் தட்டி இறங்கிக் கிடக்கும் வீடு ஒரு தெருவில் ஒன்று இருந்தால் பரவாயில்லை. பத்து இருந்தால் கீழே உள்ள அடுமனையும் மூடிவிடும். ஆகவே நீங்கள் உண்மையில் தங்கப்போகும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள், குளிர்காலத்திலும் வாருங்கள்.

இன்னொன்று வெள்ளம். 2024 அக்டோபர் 29 அன்று இந்த மாகாணத்தில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வறண்டு கிடந்த ஓடைகள் சில மணி நேரத்தில் ஆறாயின. பைபோர்த்தா ஊரில் சேறு அள்ளப் போனபோது, தரைத்தள வீடொன்றின் சுவரில் என் நெற்றிக்கும் மேலே நீர்க்கோடு இருந்தது. எந்த வீட்டைப் பார்த்தாலும் அரசின் வெள்ள அபாய வரைபடத்தில் அந்தத் தெருவைத் தேடுங்கள்; ஓடையருகே தரைத்தளம் வேண்டவே வேண்டாம்.

குரொய்டன்வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மனைவிக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். வழக்கமான மார்ச் பயணத்தை விட்டுவிட்டு, ஜனவரி தொடங்கி ஆறு கிழமை அல்தேயாவில் வாடகைக்குத் தங்கிப் பார்ப்பதாக முடிவு செய்திருக்கிறோம். பெப்ரவரியில் சூரிச்சில் சகோதரி மகளின் திருமணம் இருப்பதால், அந்த நான்கு நாட்களையும் சேர்த்தே எண்ணிவிட்டேன். தங்கை, உங்கள் எதிர்வீட்டு மூதாட்டி நலமா என்று மனைவி கேட்கச் சொன்னார்.

கடலோரம்

நலம் அண்ணா. ஜனவரியில் யாரும் வாசலில் உட்கார மாட்டார்கள், ஆனால் காலை பதினொரு மணி வெயிலுக்குச் சுவரோரம் நாற்காலி போட்டுக்கொள்வார். அக்காவை அழைத்துப் போய், எங்கள் பெயரைச் சொல்லுங்கள்.