சாவியைத் திருப்பினால் கேட்க வேண்டிய சத்தம்

மஞ்சக்குப்பம், கடலூர்:

ஆரோவில் பக்கம் குயிலாப்பாளையத்தில் என் மச்சான் ஒரு முந்திரித் தோப்பைப் பார்த்துக்கொள்கிறான். அங்கே ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்த வண்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன். யமஹா டி.டி.125 ஆர். டூ ஸ்ட்ரோக், காட்டுப்பாதைக்கென்றே செய்தது. தோப்புக்காரர் வயதான பிரெஞ்சுக்காரர், பல வருஷத்துக்கு முன்னால் கொண்டுவந்ததாம்.

"ஓடுது மாமா, ஆனா இழுக்கல" என்றான் மச்சான். ஏற்கெனவே இரண்டு இடத்தில் காட்டியிருக்கிறார்கள். ஒருவர் ப்ளக் மாற்றினார், இன்னொருவர் கார்புரேட்டரையே மாற்றச் சொன்னார். கிக்கரை உதைத்தேன், மூன்றாவது உதையில் பிடித்துக்கொண்டது. கீழ் வேகத்தில் நன்றாகவே போனது. ஆனால் ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகினால் தொண்டை அடைத்த மாதிரி ஒரே இடத்தில் நின்றுவிட்டது.

இந்த வண்டியில் சாவியைத் திருப்பியதும், எஞ்சினை எழுப்பும் முன்பே, 'விர்ர்' என்று ஒரு சின்ன மோட்டார் போய் வரும் சத்தம் கேட்க வேண்டும். இதில் கேட்கவில்லை. எனக்குச் சந்தேகம் அங்கேதான் வந்தது.

காரணத்தைச் சொல்கிறேன். டூ ஸ்ட்ரோக்கில் ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரி வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் துளைகள்தான், பிஸ்டன் ஏறி இறங்கும்போதே அவை மூடித் திறக்கும். புகை வெளியேறும் துளையின் மேல் விளிம்பு உயரமாக இருந்தால் மேல் வேகத்தில் பலம் கிடைக்கும், கீழ் வேகத்தில் வண்டி செத்துப்போகும். தாழ்வாக வைத்தால் நேர்மாறு. சேற்றிலும் மேட்டிலும் ஏற வேண்டிய 125 சிசி வண்டிக்கு இரண்டுமே வேண்டும். அதற்காக அந்தத் துளையின் மேல்பக்கம் உருளை மாதிரி ஒரு துண்டை வைத்து, மோட்டாரும் கேபிளும் கொண்டு அதைத் திருப்புகிறார்கள். மெதுவாகப் போகும்போது துளை தாழும், வேகம் ஏற ஏற உயரும். யமஹா இதற்கு வைத்த பெயர் ஒய்.பி.வி.எஸ். இவ்வளவு சின்ன எஞ்சினுக்குள் இரண்டு எஞ்சினை ஒளித்து வைத்த வேலை இது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

கழற்றிப் பார்த்தால் உருளை முழுக்கக் கரி. கையால் திருப்பினால் அசையவில்லை. மட்டமான 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு சேர்ந்தே எரியும் ஆயில்) ஊற்றியதும், சும்மா நிறுத்தி வைத்ததும்தான் காரணம். ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, மறுநாள் மரக்குச்சியால் சுரண்டி எடுத்தேன். கேபிளில் பூத்திருந்த துருவையும் துடைத்து மாட்டினேன். சாவியைத் திருப்பினோம். விர்ர். மச்சான் கை தட்டிவிட்டான்.

அன்று மதியம் மழை விட்டதும் தோப்புக்குள் ஓட்டினேன். செம்மண் அரித்துப் பள்ளம் பள்ளமாகக் கிடந்தது. அதே பாதையில் என் ஆர்எக்ஸ் 100 முன்சக்கரத்தைப் பள்ளத்தில் கொடுத்து நின்றிருக்கிறது. இதற்கு முன்சக்கரம் 21 இஞ்ச், பின்சக்கரம் 18. பெரிய சக்கரம் பள்ளத்தில் இறங்காமல் மேலேயே உருண்டு போகிறது. எழுந்து நின்று ஓட்டத் தோதாக டேங்கும் சீட்டும் ஒல்லி.

ஒன்றே ஒன்று கவனம். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டால் ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரி எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது, பிரேக்கை நம்பித்தான் இறங்க வேண்டும். ஆயில் பம்ப் ஆக்ஸிலேட்டரோடு சேர்ந்து வேலை செய்வதால், அதை விட்டால் எஞ்சினுக்குப் போகும் ஆயிலும் குறையும்; நீண்ட இறக்கத்தில் அவ்வப்போது லேசாகத் திருகி விடுவது நல்லது.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி:

அண்ணே, படிக்கும்போதே புகை வாசனை வந்துவிட்டது. காலேஜ் படிக்கும்போது நாங்கள் ஆர்எக்ஸ் 100-க்கு பட்டன் டயர் போட்டு, மட்கார்டைத் தூக்கிக் கட்டி, சங்கராபரணி ஆற்று மணலில் ஓட்டினோம். சைலன்ஸர் தாழ்வாக இருப்பதால் கல்லில் இடித்து இடித்து நசுங்கிப் போனது. டிடியில் அதை டேங்குக்கு அடியில் வளைத்து மேலே ஏற்றியது ஏன் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது.

அந்தப் புகைக்குழாய் நடுவில் பருத்து, கடைசியில் சுருங்குவதற்கும் ஒரு கதை உண்டு. புகையோடு வெளியே போகும் அழுத்த அலை, சுருங்கும் இடத்தில் மோதித் திரும்பி வந்து, எரியாமல் தப்பி ஓடும் புதுப் பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். இதைப் பந்தய வண்டிகளில் கணக்காகச் செய்து காட்டியவர் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். கம்பெனியில் இருந்த வால்டர் காடன். 1961-இல் அவருடைய 125 சிசி எஞ்சின் 25 குதிரைத்திறன் கொடுத்தது. அதே வருஷம் அவர்களுடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் நாட்டை விட்டுத் தப்பி சுசுகிக்குப் போனார், வித்தையும் கூடவே போனது. 1962-இல் 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்கு.

ஒரு கேள்வி அண்ணே. என் ஆர்எக்ஸுக்கு அப்படி ஒரு சேம்பர் பைப் மாட்டலாமா?

மஞ்சக்குப்பம், கடலூர்:

தம்பி, மணலில் ஓட்டவென்றால் அவசரப்படாதீர்கள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் மேல் வேகத்துக்கு வெட்டிய குட்டைக் குழாய். ஆர்எக்ஸில் இந்தத் திரும்பும் உருளையும் இல்லை, அதனால் கீழே இருக்கிற இழுவையும் போய்விடும். முதலில் பின்பக்கப் பல்சக்கரத்தை இரண்டு பல் கூட்டிப் பாருங்கள். வர்ற ஞாயிறு வண்டியோடு தோப்புக்கு வந்தால் சேர்ந்தே பார்த்துவிடலாம்.