எலி நரம்பும் மைக்ரோஅரேயும்: லிஸ்ட்டு உச்சியில நிக்கிற ஜீனை எவ்வளவு நம்பலாம்?

காரைக்குடி சயாட்டிக்:

மைக்ரோஅரேங்கிறது ஆயிரக்கணக்கான ஜீன் எதெது எவ்வளவு ஓடுதுன்னு ஒரே தடவையில வெளிச்ச அளவா (சிக்னல்) காட்டுற சிப்பு. அதோட ரிசல்ட் கைக்கு வந்ததும் முக்காவாசிப் பேரு பண்ற மொத வேலை, எக்ஸெல்ல சிக்னல் காலத்தைப் பெருசுலேர்ந்து சிறுசா ஸார்ட் பண்ணிட்டு மேல இருக்கிற அம்பது ஜீனைக் காமிச்சு "இதெல்லாம்தான் நரம்புல ஜாஸ்தியா ஓடுது"ன்னு ஸ்லைடு போடுறது. நம்ம பக்கத்துல எலி நரம்பு வெச்சு இந்த வேலை பாத்தவங்க கொஞ்சப் பேரு இருக்கோம்ல, அவங்கவங்க பாத்ததைப் போடுங்க. என் கட்சி ஒண்ணே ஒண்ணுதான்: சிக்னல் ரொம்ப உச்சத்துல இருக்கிற எடத்துலதான் சிப்பு சொல்ற மடங்குக் கணக்கு (ஒரு ஜீன் ரெண்டு சாம்பிளுக்கு நடுவுல எத்தனை மடங்கு மாறுச்சுங்கிறது) ரொம்பச் சந்தேகம். பெருசா தெரியுதேன்னு அதைத்தான் நாம மொதல்ல நம்புறோம்.

சயாட்டிக் நரம்பை (இடுப்புலேர்ந்து காலுக்கு ஓடுற பெரிய நரம்பு) வெட்டி எடுத்து ஆர்.என்.ஏ. பிரிச்சா அதுல வர்றது நியூரானோட ஆர்.என்.ஏ.ன்னு புதுசா வர்றவங்க நெனைச்சுக்கிறாங்க. நியூரானோட செல் உடம்பு அங்க இல்லவே இல்ல, அது முதுகுத்தண்டுலயும் பக்கத்துல இருக்கிற டி.ஆர்.ஜி. முடிச்சுலயும் உக்காந்திருக்கு, நரம்புக்குள்ள ஓடுறது அதோட நீட்டம் மட்டும்தான். அதனால சிப்புல வெளிச்சம் போடுறது பெரும்பாலும் நரம்பு இழை மேல மயலின்ங்கிற உறையைச் சுத்துற ஷ்வான் செல்லு, அப்புறம் நார்த்திசு செய்யுற ஃபைப்ரோபிளாஸ்ட்டு, ரத்தக்குழாய் செல்லு. அதான் எப்ப பாத்தாலும் உச்சியில பி ஜீரோ, பி.எம்.பி.22, எம்.பி.பி.ன்னு மயலின் புரதத்துக்கான ஜீன் கூட்டமே நிக்குது. வெளி நரம்பு மயலினோட புரதத்துல பாதிக்கும் மேல பி ஜீரோ ஒண்ணுதாங்கிறப்ப அது ஆச்சரியமும் இல்ல. ஆனா பி.எம்.பி.22 புரதக் கணக்குல 2லேர்ந்து 5 சதவீதம்தான், சிப்புல பாத்தா பி ஜீரோவுக்குப் பக்கத்துலயே நிக்கும். ஆர்.என்.ஏ. வேற, புரதம் வேற.

நாங்க ஓட்டுனது அஃபிமெட்ரிக்ஸ் கம்பெனியோட எலிச் சிப்பு, ராட் ஜீனோம் 230 2.0. 31,000க்கும் மேல ப்ரோப் செட்டு, ஒவ்வொண்ணுலயும் 11 ஜோடி ப்ரோப்பு, ஒரு ப்ரோப்புக்கு 25 எழுத்து. ப்ரோப்புன்னா ஒரு ஜீனோட ஆர்.என்.ஏ. வந்து ஒட்டுறதுக்குன்னு சிப்பு மேல பதிச்சிருக்கிற குட்டி டி.என்.ஏ. துண்டு. நம்ம ஆர்.என்.ஏ.வை பயோட்டின்ங்கிற அடையாளம் ஒட்டுன சி.ஆர்.என்.ஏ.வா (அதோட பிரதி) மாத்தி, துண்டாக்கி, சிப்புக்குள்ள ஊத்தி, 45 டிகிரியில 16 மணி நேரம் சுத்த விடணும். இதையெல்லாம் செஞ்சது வெளியூர்ல இருக்கிற ஒரு சர்வீஸ் கம்பெனி, எங்க வேலை ஆர்.என்.ஏ.வை உருப்படியா கொண்டுபோய்ச் சேக்கிறது. சித்திரை வெயில்ல மைனஸ் 80ல இருந்ததை எடுத்து, மதுரையிலேர்ந்து வரவழைச்ச ட்ரை ஐஸ்ல பொதைச்சு அனுப்பிட்டு, கூரியர்காரன் எந்த ஊர் குடோன்ல போட்டு வெச்சிருக்கானோன்னு போனும் கையுமா உக்காந்திருந்த காலம் அது. டப்பா போய்ச் சேந்தப்ப ட்ரை ஐஸ் பாதி கூட இல்லைன்னாங்க. நல்ல வேளை ஆர்.ஐ.என். (ஆர்.என்.ஏ. சிதையாம இருக்கான்னு பத்துக்குப் போடுற மார்க்கு) எட்டுக்கு மேல இருந்துச்சு, சிப்புல ஜி.ஏ.பி.டி.எச். ஜீனோட 3 பக்கம் 5 பக்க விகிதமும் (ஆர்.என்.ஏ.வோட ரெண்டு முனைச் சிக்னலோட விகிதம்) 3க்குக் கீழதான் நின்னுச்சு. அது ஏறிருந்தா ஆர்.என்.ஏ. சிதைஞ்சுபோச்சுன்னு அர்த்தம், மேற்கொண்டு பேச்சே இல்ல.

இப்ப விஷயத்துக்கு வரேன். ஒரு பக்கம் நரம்பை நசுக்கிட்டு, நசுக்குன எடத்துக்குக் கீழ இருக்கிற துண்டையும் மறுபக்கத்து நல்ல நரம்பையும் ஒப்பிட்டோம். நசுங்குன நரம்புல ஷ்வான் செல்லு மயலின் வேலையை விட்டுட்டுப் பழைய நெலைமைக்குத் திரும்பிரும், பி ஜீரோ ஆர்.என்.ஏ. சில நாள்லயே சரசரன்னு எறங்கும்னு சிப்பு வர்றதுக்கு முந்தி நார்தர்ன் பிளாட்ங்கிற பழைய ஆர்.என்.ஏ. அளக்குற முறைக் காலத்துலயே பாத்தது. எங்க சிப்பு என்னடான்னா ஏதோ பாதியா கொறைஞ்ச மாதிரி காட்டுச்சு. அதே ஆர்.என்.ஏ.வை, ஒவ்வொரு ஜீனா தனியா அளக்குற க்யூ-பி.சி.ஆர்.ல போட்டா பத்து மடங்குக்கும் மேல எறங்கியிருக்கு! ரெண்டுல எது பொய்யின்னு கொஞ்ச நாள் லேப்ல பட்டிமன்றமே நடந்துச்சு.

தப்பு சிப்பு பக்கம்தான். கல்யாண வீட்டுப் பந்தியில ஒரு வரிசைக்கு நூறு எலைதான் போட முடியும்னா வாசல்ல இருநூறு பேரு நின்னாலும் ஆயிரம் பேரு நின்னாலும் உள்ள எண்ணிப் பாத்தா நூறுதான் இருக்கும். ப்ரோப்பும் அப்படித்தான். ஒரு கட்டத்துல ஒட்டுறதுக்கு எடம் தீந்துருது, அதுக்கு மேல ஆர்.என்.ஏ. எத்தனை மடங்கு இருந்தாலும் வெளிச்சம் கூடாது. நல்ல நரம்புல பி ஜீரோ ஏற்கெனவே அந்தக் கட்டத்தைத் தாண்டியிருக்கு, நசுங்குனதுல அதுக்குக் கீழ வந்திருக்கு, ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற நெஜ வித்தியாசத்துல மேல்பாதி காணாமப் போச்சு. இது போக ஸ்கேனருக்குன்னு ஒரு உச்சவரம்பு இருக்கு, 16 பிட்டுன்னா 65,535க்கு மேல எழுத முடியாது. ரெண்டு சாம்பிளுக்கு ரெண்டு சாயம் போட்டு ஓட்டுற ரெண்டு கலர் அரேன்னா ஸ்கேனர் கெயினைக் கொறைச்சு மறுபடி ஸ்கேன் பண்ணி அதைச் சரிக்கட்டலாம், ஆனா ப்ரோப்பே நெறைஞ்சுபோனா எத்தனை தடவை ஸ்கேன் பண்ணாலும் ஒண்ணும் வராது.

தேவகோட்டை அக்கா:

தம்பி சொன்னதெல்லாம் சரி, ஆனா சிப்புக்குப் போறதுக்கு முந்தியே லிஸ்ட்டோட தலையெழுத்து கத்திரியில இருக்கு. எலி நரம்பு பாக்க வெள்ளையா பளபளன்னு சுத்தமா தெரியும், மைக்ரோஸ்கோப்புக்கு அடியில வெச்சுப் பாருங்க, வெளி உறையில மஞ்சளா கொழுப்பு ஒட்டிக்கிட்டு இருக்கும், ஓரத்துல தொடைச் சதையோட நாரு ரெண்டு மூணு தொங்கும். அதை ஐஸ் மேல வெச்சே நுனி ஊசியான ஃபோர்செப்ஸால உரிச்சு எடுக்கணும், அவசரப்பட்டா உறையோட நரம்பும் கிழியும், நிதானமா பண்ணா ஆர்.என்.ஏ. கெடும், இதுக்கு நடுவுலதான் பொழைப்பு. நான் ஒரு செட்டுல பாத்தேன், மேல இருக்கிற ஜீன்ல அடிப்போனெக்டினும் எஃப்.ஏ.பி.பி.4ம் இருக்கு. நரம்புல எதுக்கு அடிப்போனெக்டின்? எல்லாம் அந்தக் கொழுப்புதான். கிரியாட்டின் கைனேஸ், மயோசின் வந்தா சதை. ஹீமோகுளோபின் வந்தா ரத்தம், எலியை சலைன் விட்டுக் கழுவாம எடுத்திருக்காங்கன்னு அர்த்தம். உங்க லிஸ்ட்ல உச்சியில இருக்கிற ஜீனோட பேரை மொதல்ல இந்தக் கண்ணோட பாருங்க, அப்புறம் பாத்வே அனாலிசிஸ் போங்க.

இன்னொண்ணு, இந்த நரம்பு லேசுல அரையாது. கொலாஜன் ஜாஸ்தி, டிரைசால்ங்கிற ஆர்.என்.ஏ. பிரிக்கிற திரவத்துல போட்டு அரைக்கிற ஹோமோஜினைசரை ஓட்டுனா அப்படியே தண்டுல சுத்திக்கிட்டு உக்காந்துரும். நாங்க திரவ நைட்ரஜன் ஊத்தி உரல்ல பொடிச்சுட்டுத்தான் டிரைசாலுக்கே போவோம். அப்பவும் ஒரு நரம்புக்குச் சில மைக்ரோகிராம் தேறுனாலே பெருசு. பழைய ஒன் சைக்கிள் லேபிளிங்குக்கு (அந்தப் பயோட்டின் ஒட்டுற வேலை) 1லேர்ந்து 15 மைக்ரோகிராம் வேணும்ங்கிறதால ரெண்டு மூணு எலி நரம்பைச் சேத்துத்தான் ஒரு சாம்பிளு. சேத்துட்டா எலிக்கு எலி இருக்கிற வித்தியாசம் போயிரும், இதை யாரும் பேப்பர்ல அழுத்திச் சொல்றதில்லைங்கிறது எனக்கு எரிச்சல்.

எங்க ஆயா கேட்டாங்க, "பிள்ளையார்பட்டியை இம்புட்டுக் கிட்டக்க வெச்சுக்கிட்டு அவரு வாகனத்தைப் போயி அறுக்குறியேடி"ன்னு. எத்திக்ஸ் கமிட்டி அப்ரூவல் வாங்கியிருக்கோம் ஆயான்னேன், பிள்ளையார் கையெழுத்துப் போட்டாரான்னாங்க!

பள்ளத்தூர் டேட்டா பையன்:

நான் எலியைத் தொட்டதே இல்ல, ஜியோங்கிற பொது டேட்டாபேஸ்ல மத்தவங்க போட்டு வெச்ச சி.இ.எல். ஃபைலை (சிப்போட மூல ரீடிங்கு) எறக்கி வேலை பாக்குற ஆளு. எலிக்கு மூணு பிளாட்ஃபார்ம் (சிப்பு வகை) அடிக்கடி வரும், ஜியோ நம்பர் யூ34ஏ-வுக்கு ஜி.பி.எல்.85, 230ஏ-வுக்கு ஜி.பி.எல்.341, 230 2.0-க்கு ஜி.பி.எல்.1355. இதைக் கலந்து கட்டாதீங்க, ஒரே ஜீனுக்கு ப்ரோப்பு வேற வேற.

அண்ணே சொன்ன உச்சப் பிரச்சினைக்கு ஃபைலுக்குள்ளயே ஒரு சாட்சி இருக்கு, யாரும் கண்டுக்கிறதில்ல. ஹைப்ரிடைசேஷன் கன்ட்ரோல்னு பயோபி, பயோசி, பயோடி, க்ரீ நாலையும் 1.5, 5, 25, 100 பிக்கோமோலார்னு தெரிஞ்ச அளவுல கலந்திருப்பாங்க. இந்த நாலுக்கும் அளவை ஒரு பக்கம் சிக்னலை ஒரு பக்கம் லாக்ல போட்டுப் பாருங்க, கீழ நேரா ஏறி க்ரீ கிட்ட சாஞ்சா, அந்த ஒசரத்துல இருக்கிற உங்க ஜீனுக்கும் அதே கதிதான். உங்க பி ஜீரோ க்ரீயை விட மேல நின்னா அந்த மடங்குக் கணக்கை நான் டேபிள்லயே போட மாட்டேன், ஏறுச்சா எறங்குச்சான்னு திசை மட்டும்தான் போடுவேன்.

அடுத்தது, ஒரே சிப்புக்குள்ள ஒரு ஜீனோட சிக்னலை இன்னொரு ஜீனோட சிக்னலுக்குப் பக்கத்துல வெச்சு இது பெருசு அது சிறுசுன்னு வரிசைப்படுத்துறதே அரைகுறைதான். ஒவ்வொரு ப்ரோப்பும் ஒட்டுற பலம் வேற, அதோட எழுத்துல ஜி.யும் சி.யும் கூட இருந்தா கெட்டியா ஒட்டும். ஒரே ஜீனை ரெண்டு சாம்பிளுக்கு நடுவுல ஒப்பிடத்தான் சிப்பு. அதுலயும் நசுக்குன நரம்புன்னா நார்மலைசேஷன் (சிப்புக்குச் சிப்பு அளவைச் சமன் பண்றது) கைவரிசை காட்டும், ஆர்.எம்.ஏ.ங்கிற கணக்கு முறையில இருக்கிற குவாண்டைல் முறை ரெண்டு சாம்பிள்லயும் மொத்தப் பரவல் ஒண்ணுதான்னு வெச்சுக்குது, ஆனா காயம்பட்ட நரம்புல மேக்ரோஃபேஜ்ங்கிற குப்பை அள்ளுற செல்லு வந்து குமிஞ்சு, ஷ்வான் செல்லும் பெருகி, மொத்த ஆர்.என்.ஏ.வே கூடிருது. அக்கா நரம்பு எடைக்கு எவ்வளவு ஆர்.என்.ஏ. வந்துச்சுன்னு எழுதி வெச்சிருப்பாங்க, அந்த நோட்டுதான் எனக்கு வேணும், யாரும் அப்லோட் பண்றதில்ல.

கண்டனூர் புதுசு:

எல்லாரும் இப்படிப் பேசுனா அப்புறம் எதுக்கு மைக்ரோஅரே? நேரா சீக்வென்சிங் போயிரலாமே அண்ணே. அப்புறம் எங்க அப்பச்சிக்கு சுகர், ராத்திரியானா பாதம் எரியுதுங்கிறாரு, அதுக்கும் இந்த எலி வேலைக்கும் சம்பந்தம் இருக்கா?

காரைக்குடி சயாட்டிக்:

இப்பன்னா சீக்வென்சிங்தான் தம்பி, அப்ப அது நம்ம கைக்கு எட்டுற வெலையில இல்ல. ஆனா சிப்பு மட்டம்னு நான் சொல்லல. நரம்பை வெட்டுன பொறகு டி.ஆர்.ஜி.யில ஏ.டி.எஃப்.3, கேலனின், என்.பி.ஒய். எல்லாம் அடிமட்டத்துலேர்ந்து எகிறுறதை 2002 வாக்குல எலி சிப்பு அழகா புடிச்சுச்சு, ஏன்னா அதெல்லாம் கீழ கிடந்து நடுவுக்கு வர்ற ஜீனு, அங்க சிப்புக்குக் கண்ணு நல்லாத் தெரியும். மேல முட்டிக்கிட்டு நிக்கிறதுலதான் தகராறு. பி.எம்.பி.22-வைப் பாரு, மனுசனுக்கு 17ஆம் குரோமோசோம்ல அந்தப் பகுதி ஒரு காப்பி கூடுதலா இருந்து ரெண்டு மூணானாலே சி.எம்.டி.1ஏ-ங்கிற நரம்பு நோய் வந்துருது, கையும் காலும் சூம்பும். அதாவது ஒன்றரை மடங்குதான் வித்தியாசம். அந்த ஜீனை 1996லயே எலிக்குள்ள கூடுதலா வெச்சு மாடல் பண்ணிட்டாங்க. அந்த மாதிரி எலியோட நரம்பை எடுத்து, ப்ரோப்பு நெறைஞ்சுபோன ஒசரத்துல ஒன்றரை மடங்கைத் தேடுனா சிப்பு "மாத்தம் இல்ல"ன்னு சொல்லிட்டுப் போயிரும், நீயும் நோய்க்குக் காரணமான ஜீனையே லிஸ்ட்டுலேர்ந்து தூக்கிப் போட்டிருப்பே. அதனாலதான் கத்துறேன்.

அப்பச்சி விஷயம், ஸ்ட்ரெப்டோசோட்டோசின் போட்டு எலிக்கு சுகர் வர வெச்சு அதோட நரம்பைப் பாக்குறது தனி லைன், நெறைய பேரு பண்றாங்க. ஆனா அவரு பாதத்துக்கு எலியை நம்பி உக்காராதே, டாக்டர்கிட்ட காட்டி மூணு மாசச் சராசரி எச்.பி.ஏ.1சி பாக்கச் சொல்லு, வீட்டுக்குள்ளயும் செருப்பு போடச் சொல்லு. ஆத்தங்குடி டைல்ஸ் குளுகுளுன்னு இருக்குன்னு வெறுங்காலோட நடப்பாங்க, மரத்துப்போன காலுக்குக் குத்துனது கூடத் தெரியாது.

தேவகோட்டை அக்கா:

புதுசு தம்பி, க்யூ-பி.சி.ஆர். பண்ணப் போறேன்னா ப்ரைமரை (ஜீனைப் புடிக்கிற குட்டி டி.என்.ஏ.) ரெண்டு எக்ஸான் (ஆர்.என்.ஏ.ல கடைசியா தங்குற ஜீன் துண்டு) தாண்டி டிசைன் பண்ணு, இல்லாட்டி ஜீனோமிக் டி.என்.ஏ.வும் சேந்து ஏறும். ஆக்டின் ஒண்ணை மட்டும் ரெஃபரன்ஸா வெக்காதே, காயத்துக்கு அப்புறம் அதுவே ஆடும், ரெண்டு மூணு வெச்சுக்க. பி ஜீரோவுக்கு சி.டி. (சிக்னல் தலைகாட்டுற சுத்து எண்) ரொம்பச் சீக்கிரமே வந்துரும், சி.டி.என்.ஏ.வை (ஆர்.என்.ஏ.லேர்ந்து செஞ்ச டி.என்.ஏ. பிரதி) நூறு மடங்கு நீர்த்துட்டு ஓட்டு. டைல்யூஷன் கர்வ் எங்கிட்ட இருக்கு, மெசேஜ் பண்ணு அனுப்பி வெக்கிறேன்.