எம்ஆர்என்ஏ டிஸ்ப்ளே: புரதம் நிறைய வருகிறது, எம்ஆர்என்ஏவோடு சேரவில்லை

கவின்:
எம்ஆர்என்ஏ டிஸ்ப்ளே, அதாவது ஒவ்வொரு புரதத்தையும் அதைச் செய்த எம்ஆர்என்ஏவோடு ஒட்டிவைக்கும் முறையை, முயல் ரெட்டிக்குலோசைட் லைசேட்டில் (முயலின் இளம் சிவப்பணுக்களை உடைத்தெடுத்த, புரதம் செய்யும் சாறு) செய்கிறேன். எம்ஆர்என்ஏவின் 3' முனையில், பியூரோமைசின் (புரதத்தைப் பிடிக்கும் மூலக்கூறு) உள்ள டிஎன்ஏ லிங்கரை, அதாவது இணைப்புத் துண்டை, டி4 டிஎன்ஏ லைகேஸ் என்ற ஒட்டும் நொதியால் ஒட்டி, 30 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்கிறேன். கதிரியக்கமுள்ள கந்தகம்-35 மெத்தியோனின் போட்டிருப்பதால் ஜெல்லில் புரதம் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் எல்லாம் தனிப் புரதம். சேர்க்கை (எம்ஆர்என்ஏவோடு ஒட்டிய புரதம்) வரவேண்டிய இடத்தில் வெறும் நிழல்தான், மாதிரி ஏற்றும் குழியான வெல்லுக்குள்ளும் கொஞ்சம் தங்கி நிற்கிறது. ஸ்டாப் கோடான் கிடையாது, வரிசையைப் பார்த்துவிட்டேன். வேறு எங்கே தேடுவது?

இளவேனில்:
புரதம் வருவதை வைத்து லைகேஷன் (லிங்கர் ஒட்டுவது) சரி என்று நம்ப வேண்டாம். லிங்கர் ஒட்டாத எம்ஆர்என்ஏவும் அதே புரதத்தைத்தான் செய்யும். ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த மாதிரிகளை யூரியா ஜெல்லில் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள்.

கவின்:
ஓட்டினேன். பெரும்பகுதி மேலே நகர்ந்திருக்கிறது, அதனால் லிங்கர் ஒட்டியிருக்கிறது.

அன்வர்:
சரி, அப்படியென்றால் உப்பைப் பார்ப்போம். மொழிபெயர்ப்பு முடிந்ததும் பொட்டாசியம், மெக்னீசியம் சேர்த்தீர்களா? நீங்கள் எழுதியதில் அந்தப் படியே இல்லை.

ரைபோசோம் டிஎன்ஏவைப் படிக்காது, லிங்கர் வந்ததும் நின்றுவிடும். பியூரோமைசின், டிஆர்என்ஏவின் அமினோ அமிலம் ஏற்றிய முனையைப் போல இருப்பதால், ரைபோசோமில் டிஆர்என்ஏ வந்து அமரும் ஏ தளத்துக்குள் நுழைந்து புரதச் சங்கிலியை வாங்கிக்கொள்கிறது. இதற்கு நேரம் பிடிக்கும். அதற்குள் ரைபோசோம் கழன்றுவிட்டால் கதை முடிந்தது. மெக்னீசியம் அதைப் பிடித்து வைக்கிறது. பொட்டாசியம் குளோரைடு 500 மில்லிமோலார், மெக்னீசியம் குளோரைடு 50 மில்லிமோலார் அளவுக்கு ஏற்றி, அறை வெப்பநிலையில் ஒரு மணி நேரம் விடுங்கள். மைனஸ் 20-ல் ஓர் இரவு வைப்பவர்களும் உண்டு. ஆரம்பத்திலேயே போட்டுவிடாதீர்கள், மொழிபெயர்ப்பே நடக்காது.

வெல்லில் நிற்பது வெறும் திரட்டாகவும் (ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியான புரதம்) இருக்கலாம். ஒரு பகுதியை, ஆர்என்ஏவை வெட்டும் நொதியான ஆர்என்ஏஸ் ஏ போட்டு ஓட்டுங்கள். உண்மையான சேர்க்கை என்றால் பட்டை கீழே இறங்கி, தனிப் புரதத்துக்குச் சற்று மேலே நிற்கும், லிங்கர் மட்டும் மிச்சம் இருப்பதால். இறங்காவிட்டால் அது திரட்டு.

கவின்:
வேலை செய்கிறது! உப்பு போட்டதும் மேலே தெளிவான பட்டை. ஆர்என்ஏஸ் போட்டால் நீங்கள் சொன்ன இடத்துக்கே இறங்குகிறது. வெல்லில் இருப்பது மட்டும் அசையவில்லை, திரட்டுதான். ஆனால் இப்போது ஜெல்லில் ஏற்றுவதற்கான எஸ்டிஎஸ் (ஒருவகைச் சோப்பு) லோடிங் பஃபர் கலந்ததும் வெள்ளையாகத் திரிகிறது, லேன் முழுக்க இழுபடுகிறது.

இளவேனில்:
அது பொட்டாசியத்தின் வேலை. எஸ்டிஎஸ்ஸில் உள்ள சோடியத்தின் இடத்தைப் பொட்டாசியம் பிடித்தால் நீரில் கரையாமல் படிந்துவிடும். சூடாக்கினால் கரைந்த மாதிரி தெரியும், ஆறினால் திரும்ப வரும். ஜெல்லுக்கு என்றால் சிறிதளவு எடுத்து நன்றாக நீர்க்கச் செய்து ஏற்றுங்கள்.

அடுத்த சுற்றுக்கு எடுத்துப்போவதாக இருந்தால், ஏ வரிசையைப் பிடிக்கும் டி வரிசை ஒட்டிய ஓலிகோ-டிடி மணிகள் நல்லது. உங்கள் லிங்கரில் ஏ வரிசை இருக்கிறதுதானே? முதலில் மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ போட்டு ரைபோசோமைக் கழற்றிவிடுங்கள், மெக்னீசியத்தைவிடக் குறைவாகப் போட்டால் பயனில்லை. உப்புள்ள பஃபரில் சேர்க்கை மணிகளோடு பிணையும், தனிப் புரதம் கழுவலில் போய்விடும், பிறகு உப்பில்லாத நீரில் கழன்று வரும். புரதம் சேராத எம்ஆர்என்ஏவும் கூடவே வரும். கந்தகம்-35 அதைக் காட்டாது என்பதால் ஆர்என்ஏ அளவை வைத்துச் சேர்க்கையின் அளவைக் கணக்கிடாதீர்கள்.