சிப்பிப்பாறை நாய் வீட்டுக்கு வந்து ரெண்டு மாசம் ஆச்சு, இன்னும் என்கிட்ட ஒட்டவே மாட்டேங்குது

மதுரை_தம்பி:
வணக்கம் எல்லாருக்கும். கோவில்பட்டி பக்கம் மாமா தோட்டத்துல இருந்து ஒரு சிப்பிப்பாறை பொட்டைய கூட்டிட்டு வந்தேன், ஒன்னேகால் வயசு, பேரு சிட்டு. அங்க சங்கிலிலயே கட்டி கெடந்துச்சு. இங்க வேளாவேளைக்கு சோறு, முட்டை, கோழி எல்லாம் வைக்கிறேன், ஊசியும் போட்டாச்சு, ஆனா சாப்ட்டு முடிச்சதும் மாடிப்படிக்கு அடில போய் சுருண்டு படுத்துக்குது. பந்து வாங்கி போட்டேன், பந்தை ஒரு பார்வை என்னை ஒரு பார்வை பாத்துட்டு மூஞ்சிய திருப்பிக்குது. பக்கத்து வீட்டு லேப்ரடார் எத்தனை தடவை போட்டாலும் கொண்டாந்து கைல குடுக்குது, அதை பாக்கறப்ப ரொம்ப ஏக்கமா இருக்கு. என்ன பண்ணா இது என்கூட பழகும்? வளத்தவங்க சொல்லுங்க.

கரிசக்காட்டான்:
தம்பி, லேப்ரடார் சுட்டு விழுந்த பறவைய வாயில கவ்வி கொண்டாறதுக்குன்னே வளத்த இனம், அது பந்த கொண்டாந்து குடுக்கத்தான் செய்யும். நம்மது கரிசக்காட்டுல முயல கண்ணால பாத்து விரட்டுன சாதி, கெடக்கற பொருள் மேல அதுக்கு ஆசையே வராது, ஓடற பொருள் மேலதான் வரும். இப்ப முயல் வேட்டை சட்டப்படி குத்தம், அதனால ஓட்டத்த நாமதான் குடுக்கணும். ஒரு மூங்கில் குச்சி நுனில நாலஞ்சு அடி கயிறு கட்டி அதுல பழைய துணிய முடிஞ்சு தரையோட தரையா இழுங்க, நேரா இழுக்காம ஓணான் ஓடற மாதிரி வெடுக்கு வெடுக்குன்னு திருப்புங்க. அஞ்சு நிமிசம் போதும். கடைசில கண்டிப்பா புடிக்க விடணும், புடிக்கவே விடலைன்னா வெறுத்து போயிரும். துணிய புடுங்காதீங்க, ஒரு துண்டு வேகவச்ச ஈரல நீட்டுங்க, தானா விடும்.

முக்கியமா சொல்றேன், சுத்தி காம்பவுண்ட் இல்லாத எடத்துல அவுத்து விட்றாதீங்க, ஒரு பூனை ஓடுனா போதும் நீங்க கத்தறது அது காதுல ஏறாது, ரோட்டுக்கு போயிரும். இதுக்கு தலை ஒல்லி, சாதா பெல்ட்டுல இருந்து உருவிட்டு வந்துரும், நெஞ்சை சுத்தி மாட்டற வார் (ஹார்னஸ்) மாட்டுங்க. ஓடி முடிச்ச உடனே சோறும் வைக்காதீங்க, நெஞ்சு ஆழமான நாய்களுக்கு வயிறு முறுக்கிக்கற ஆபத்து உண்டு, ஒரு மணி நேரமாவது போகட்டும்.

வெள்ளச்சி_அம்மா:
நான் வச்சிருக்கறது ராஜபாளையம், பொறவியிலேயே காது கேக்காது (வெள்ளை நெறத்தோட சேந்து இந்த இனத்துல அது வர்றதுண்டு). கூப்பிடவே முடியாத நாய்கூட எப்படி பழகறதுன்னு நானும் அழுதிருக்கேன் தம்பி. எங்களுக்கு கை குடுத்தது மோப்ப வெளையாட்டுதான். நாலு டம்ளர கவுத்து ஒன்னுக்கு அடில முட்டைத்துண்டு வைப்பேன், அது மூக்கால தள்ளி கண்டுபுடிக்கும், கண்டுபுடிச்சதும் நான் ரெண்டு கையையும் விரிச்சு காட்டுவேன். இப்ப நான் தரைய காலால ஒரு தட்டு தட்டுனா போதும், அதிர்வு தெரிஞ்சு எங்க இருந்தாலும் திரும்பி என் கைய பாக்குது. சிட்டுவுக்கு நீங்க ஆரம்பிக்கறப்ப டம்ளர் வேணாம், உருண்டு சத்தம் போட்டா பயந்துக்கும், துண்டுக்குள்ள சுருட்டி வைங்க.

அடையாறு_தெருநாய்:
அண்ணா, நான் தெருநாய் ரெண்டு வளக்கறேன், வேற ஒன்னு சொல்றேன். 2015ல ஜப்பான்ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, நாயும் வளக்கறவங்களும் கண்ணோட கண்ணு பாத்துக்கிட்டா ரெண்டு பேருக்குமே ஆக்சிடோசின்ங்கற பாச ஹார்மோன் கூடுதுன்னு. ஆனா அது ஏற்கனவே பழகுன நாய்க்கு. பயந்த நாய உத்து பாத்தா அது மெரட்டற மாதிரிதான் அதுக்கு தெரியும். நீங்க படிக்கட்டு பக்கத்துல முதுக காட்டி தரையில உக்காந்து பேப்பர் படிங்க, சோத்துல பாதிய கையில வச்சு பக்கவாட்டுல நீட்டுங்க, அதுவா வரட்டும், வந்தாலும் தலைய தடவ போகாதீங்க. அப்புறம் வாக்கிங் போறப்ப இழுக்காதீங்க, ஒரு போஸ்ட்டு கம்பத்த மூணு நிமிசம் மோந்தாலும் மோந்துக்கட்டும்னு நில்லுங்க, அதுக்கு அதான் ஊர் சேதி. வெயில் காலத்துல புறங்கைய தார் ரோட்டுல வச்சு பாருங்க, உங்களால தாங்க முடியலைன்னா அதோட பாதத்துக்கும் தாங்காது.

மதுரை_தம்பி:
மூணு வாரம் ஆச்சு, சொல்லாம இருக்க முடியல. மொத வாரம் முழுக்க முதுக காட்டி உக்காந்தேன், எட்டாவது நாள் முழங்கைல ஈரமா மூக்கு பட்டுச்சு, நான் அசையவே இல்ல. குச்சி துணி வெளையாட்டு மொட்டை மாடில வேணாம்னு, தெரிஞ்சவங்க வீட்டு காம்பவுண்டுக்குள்ள வச்சு ஆடறோம், அந்த ஓட்டத்த பாக்கணுமே, முதுகு வில்லு மாதிரி வளைஞ்சு நாலு காலும் தரையில இல்ல. நேத்து முன்னங்கால நீட்டி பின்பக்கத்த தூக்கி வால ஆட்டிச்சு, அப்புறம் மூலைல சாத்தி வச்ச குச்சிகிட்ட போய் அந்த துணிய கவ்வி இழுத்துட்டு வந்து என் கால்ல போட்டுச்சு. துணி கிழிஞ்சு போச்சு, அதுக்கு பதிலா சாக்கு கட்டலாமாண்ணே?

கரிசக்காட்டான்:
சாக்கு வேணாம் தம்பி, நார் பிரிஞ்சு வயித்துக்குள்ள போனா குடல்ல சிக்கிக்கும். பழைய ஜீன்ஸ் பேண்ட்டு கால வெட்டி கட்டுங்க, தாங்கும். நூல் பிரிய ஆரம்பிச்சா மாத்திருங்க.