மறு: விளக்கு டிரைவருக்கு என்ன சொல் – ஓட்டியா, வலவனா?

எல்லோருக்கும் வணக்கம்.

திங்கட்கிழமை பாடத்தாள் அச்சுக்குப் போகவேண்டும். எல்இடிக்குப் போகும் மின்னோட்டத்தைச் சீராக வைக்கும் சின்னப் பலகையை டிரைவர் என்கிறார்கள், அதற்குத் தமிழில் என்ன சொல் போடுவது என்ற நம் பேச்சு நாற்பது மடல் தாண்டிவிட்டது, அதனால் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். சார்ஜ் ஏற்றும் எல்இடி விளக்கைப் பிரித்துப் பழுது பார்க்கும் பாடம் இது. மாலை வகுப்புக்கு வரும் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள் சால்டரிங் புகைக்கு நடுவே படிக்கப்போகும் தாள்.

> ‘வலவன் ஏவா வான ஊர்தி’ என்று புறநானூறே சொல் தந்திருக்கிறது. வலவன் இருக்க ஓட்டி எதற்கு?

ஐயா, தேரோட்டியைக் குறிக்கும் வலவன் அழகான சொல்தான். ஆனால் பலகையில் கிடக்கும் அஃறிணைக்கு ஆண்பால் விகுதியா? கதிரவன் இல்லையா என்பீர்கள். கதிரவனைத் தேவராகக் கொண்டோம், தேவர் உயர்திணை. நாற்பது ரூபாய்ப் பலகைக்கு அந்தச் சலுகை கிடையாது.

யாழ்ப்பாணத்து அண்ணன் ‘சாரதி’ என்றதற்கு வடசொல் என்று இரண்டு பேர் பாய்ந்தது எனக்கு வருத்தம். அங்கே பஸ் ஓட்டுகிறவர் சாரதிதான், அது வாழும் வழக்கு. என் பிள்ளைகளுக்குச் சாரதி என்றால் திருவல்லிக்கேணிதான் நினைவுக்கு வரும் என்பது ஒன்றுதான் என் தடை. ‘இயக்கி’ கணினிக்காரர்கள் கைக்குப் போய்விட்டது. ‘மின்னோட்டச் சீராக்கி’ பொருளில் சரி, ஆனால் படத்தில் கட்டத்துக்குள் அடங்காது.

ஓட்டி என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் வேலைமேசையிலேயே இருக்கிறது. மலிவு விளக்கில் டிரைவரே இராது. 4 வோல்ட் ஈய பேட்டரி, ஒரு மின்தடை, அப்புறம் எல்இடி. வெள்ளை எல்இடிக்கு 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் வேண்டும். பேட்டரி நிறைந்திருக்கும்போது கண் கூசும், இறங்க இறங்க விளக்கு சோர்ந்துபோகும். டிரைவர் செய்வது மின்னழுத்தம் எப்படி ஆடினாலும் ஒரே அளவு ஓட்டத்தை ஓட்டுவது. ஓடு தன்வினை, ஓட்டு பிறவினை, ஆடு – ஆட்டு போல. மின்னோட்டம் என்று ஏற்கெனவே சொல்கிறோம். அதை ஓட்டுவது ஓட்டி. பையன் மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற பாடமும் இதனால் எளிதாகிறது. நாங்கள் வைத்திருக்கும் ஓட்டிச் சில்லு, ஓட்டத்தை அளக்கும் மின்தடையின் மேல் 0.2 வோல்ட் நிற்கும்படி பார்த்துக்கொள்கிறது. 0.57 ஓம் போட்டால் ஏறக்குறைய 350 மில்லி ஆம்பியர், 1 ஓம் போட்டால் 200. ஒரு சின்ன மின்தடையை மாற்றி விளக்கு கூடுதல் நேரம் எரிவதைப் பார்க்கும் பையனிடம் “ஓட்டியின் ஓட்டத்தைக் குறைத்தாய்” என்றால் போதும்.

> பேட்டரிக்கு மின்கலம் என்று போட்டுவிடுங்கள், வேலை முடிந்தது.

முடியவில்லை. 4 வோல்ட் ஈய பேட்டரிக்குள் 2 வோல்ட் கலம் இரண்டு, அது மின்கல அடுக்கு. 3.2 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் ஒற்றைக் கலம், அது மின்கலம். கடையில் இரண்டும் பேட்டரிதான். இது வெறும் சொல் சண்டையும் இல்லை: பழைய விளக்கில் ஈயத்தை எடுத்துவிட்டு லித்தியத்தை அப்படியே வைத்தால், ஈயத்துக்கென்ற சார்ஜர் 4.5 வோல்ட்டுக்கு மேல் தள்ளும். இந்தக் கலத்துக்கு 3.65 தான் எல்லை. ஆகவே தாளில் மூன்று சொல்லும் வரும். கலம் என்றால் பழைய நெல் அளவையில் பன்னிரண்டு மரக்கால், ஆகவே பேட்டரியின் கொள்ளளவுக்கே அதை வைக்கலாம் என்ற மடலை ரசித்துப் படித்தேன், ஆனால் தாளில் இடமில்லை. இலங்கைப் பாடநூலில் உயிரணுவும் கலம் என்று அண்ணன் சுட்டியதை அடிக்குறிப்பில் சேர்க்கிறேன்.

இதுவரை ஓட்டிக்கு ஏழு பேர், வலவனுக்கு இரண்டு, மற்றவர்கள் ஓய்ந்துவிட்டார்கள். ஐயா இன்று காலைகூட ஒப்பவில்லை என்று எழுதியிருக்கிறார், அதையும் பதிவு செய்கிறேன்.

ஓட்டிக்கு எதிராக எனக்கே ஒரு கவலை உண்டு. எங்கள் தாள் ஜெராக்ஸில்தான் போகும். மூன்றாவது நகலில் ‘ஓ’வின் சுழி அழிந்து ‘ஒட்டி’ ஆகிவிடுகிறது. நேற்று ஒரு பையன் பசை என்று நினைத்துக் கேட்டான். எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். வேறு வழி தெரிந்தவர்கள் ஞாயிறு இரவுக்குள் எழுதுங்கள்.