பதில்: மடிக்கணினி அடாப்டருக்குத் தமிழ்ச்சொல் – ‘மின்னேற்றி’யா, ‘மின்னிணக்கி’யா?

குழுவினருக்கு வணக்கம்.

‘மின்னேற்றி’ என்றே வைத்துக்கொள்ளலாம் என முன்மடலில் நண்பர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. பேட்டரிக்கு மின்னேற்றும் சுற்று மடிக்கணினிக்குள்ளேயே இருக்கிறது. வெளியே கம்பியோடு கிடக்கும் கறுப்புக் கட்டி செய்வது வேறு வேலை. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்தை 19, 20 வோல்ட் அளவிலான நேர்திசை மின்னோட்டமாக்கித் தருகிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டாலும் பழைய கணினிகள் பல அதைக் கொண்டே ஓடும். அப்போது அது எதை ஏற்றுகிறது?

‘மின்மாற்றி’ டிரான்ஸ்ஃபார்மருக்குப் பாடநூலிலேயே நிலைத்துவிட்டது. ‘அலைதிருத்தி’ (ரெக்டிஃபையர்) மாறுதிசையை நேர்திசையாக்கும் ஒரு படியை மட்டும் சொல்லும்.

அடாப்டர் என்றே விட்டால் மொரீசியசில் குழப்பம் தீராது. இங்கே பிரிட்டிஷ் முறை மூன்று தட்டைமுனை பிளக்கும் உண்டு, இரண்டு உருளைமுனை பிளக்கும் உண்டு. ஒன்றை மற்றதன் துளையில் பொருத்தும் சின்னத் துண்டுக்கும் அடாப்டர் என்றுதான் பெயர். போன மாதம் ரோஸ்ஹில்லில் ஒரு கடையில் அடாப்டர் கேட்டேன், அந்தத் துண்டை எடுத்து நீட்டினார்கள். இங்குள்ள பேச்சுமொழியான கிரியோலில் ‘சார்ஸேர்’ (சார்ஜர்) என்று சொன்ன பிறகுதான் கட்டி வந்தது. முனை கச்சிதமாகப் பொருந்தியது. திருப்பி ஒட்டுச்சீட்டைப் பார்த்தால் 12 வோல்ட்! என் கணினிக்கு வேண்டியது 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர்.

ஆகவே துண்டுக்கு ‘பிளக் பொருத்தி’, கட்டிக்கு ‘மின்னிணக்கி’ என்று பிரித்துவிடலாம். இணங்கு தன்வினை, இணக்கு பிறவினை. சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு இணங்க வைப்பது இணக்கி. யுஎஸ்பி-சி வகைக்கு இது இன்னும் பொருந்துகிறது. அதில் இரு முனைகளும் தமக்குள் பேசி 5, 9, 15, 20 வோல்ட்டில் எது என்று ஒத்துக்கொண்ட பிறகே மின்னழுத்தம் உயர்கிறது. ‘தகவி’யும் முன்மொழியப்பட்டது. அது காதில் ‘தகவல்’ என்றே விழுகிறது.

ஒரு சொல் நிற்குமா என்று பார்க்க அதை வாக்கியத்தில் ஓட்டிப் பார்ப்பேன்:

“மாற்று மின்னிணக்கி வாங்கும்போது வோல்ட் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. கணினி தனக்கு வேண்டியதை மட்டுமே இழுத்துக்கொள்ளும். எனவே 19.5 வோல்ட், 65 வாட் (வோல்ட் × ஆம்பியர்) மின்னிணக்கிக்குப் பதிலாக அதே வோல்ட்டில் 90 வாட் மின்னிணக்கி போடலாம். முனையின் விட்டமும், நடுவில் நேர்மின் முனையா எதிர்மின் முனையா என்பதும் ஒத்துப்போக வேண்டும்.”

எங்கும் தடுக்கவில்லை. ‘மின்னேற்றி’ என்று போட்டால் கடைக்காரர் கைப்பேசிக்கா என்று கேட்பார்.

எழுத்துமுறை ஒன்று பாக்கி. தனிக்குறிலை அடுத்த மெய் உயிர் வந்தால் இரட்டும் என்பதால் ‘மின்னிணக்கி’ என்று சேர்த்தெழுதுவதே முறை. ஆனால் தேடுபவர் ‘மின் இணக்கி’ என்றும் தட்டச்சுவார். நம் கலைச்சொல் பட்டியலில் இரண்டு வடிவங்களையும் சேர்த்துவிடக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ரோஸ்ஹில்லிலிருந்து